டாக் முதலியார் நிரபராதி

வெள்ளைக்காரன் காலத்துக் கொழும்புக் கோட்டில் நீதவானுக்கு ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது. சாட்சிக்கு ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு முதலியார் நிற்பார். வழக்கில் தோற்றவன் வெளியே வந்து நீதவானைத் திட்டமாட்டான்; பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். சாட்சியைத் திட்டமாட்டான், மச்சான் முறை. அப்புக்காத்துவைத் திட்டமாட்டான், இன்னும் காசு கொடுத்து முடியவில்லை. ஆகவே வெற்றிலையைத் துப்பிவிட்டு முதலியாரைத் திட்டுவான்: "நான் சொன்னதை அந்த மனுசன் மாத்திச் சொல்லிப்போட்டான்!"

இந்த உத்தியோகத்தின் உச்சாணிக் கொம்பில் மகா முதலியார் இருந்தார். ஆளுநருக்கே காதும் வாயும் அவர்தான். சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க அந்தக் கதிரையில் நெடுங்காலம் இருந்தார். அவருடைய மகன்தான் 1956இல் நாட்டுக்கு ஒரு மொழி போதும் என்று சட்டம் கொண்டுவந்தார். தகப்பன் பார்த்த தொழிலை மகன் இவ்வளவு சுத்தமாக ஒழித்துக்கட்டிய குடும்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலியார்கள் போய்விட்டார்கள். வேலை போகவில்லை. இன்றைக்கு அதை உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று செய்கிறது. பெயர் டாக். கணினிக்குள்ளும் கைபேசிக்குள்ளும் பாட்டு எண்களாகக் கிடக்கிறது. சீடி தரம் என்றால் ஒவ்வொரு காதுக்கும் செக்கனுக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. ஸ்பீக்கருக்கோ எண் கணக்கு ஒன்றும் விளங்காது. ஏறி இறங்கும் மின்னழுத்தம் வந்தால் முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். நடுவில் நின்று எண்ணை மின்னழுத்தமாக மொழிபெயர்ப்பவர் டாக் முதலியார். சத்தம் சரியில்லை என்றால் திட்டு வாங்குபவரும் அவரே.

நான் என் முதலியாரை வாங்கியது 2022இல். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டி ஓடிய வருடம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மீதி 11 மணித்தியாலத்தையாவது நல்ல சத்தத்தோடு கழிப்போம் என்று நினைத்தேன். விலையை வீட்டில் சொல்லவில்லை. அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்ன மோனை இது?"

"டாக், அம்மா."

"டெக்கா? கசட் போடுற வாயைக் காணேல்லை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், பெட்டியிடமும் இல்லை. பூட்டிப் பாட்டைப் போட்டால், பாட்டுக்குப் பின்னால் ஒரு "ம்ம்ம்ம்." கூட்டினால் அதுவும் கூடியது. சீர்காழி கோவிந்தராஜன் முருகனைக் கூப்பிட்டுக் கரைகிறார். பின்னால் யாரோ கதை கேட்பவர் மாதிரி உம் கொட்டிக்கொண்டே இருக்கிறார். முதலியார் மோசடி என்று முடிவு கட்டி, சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் மருதானை ரயிலேறினேன். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு நானா இருக்கிறார், கழற்றத் தெரிந்தவர் என்று மச்சான் சொல்லியிருந்தார்.

கரையோர ரயிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் போய்ச் சேருவதற்குள் நூறு வருடச் சரித்திரத்தை ஆறுதலாக நினைத்து முடிக்கலாம். நான் முடித்தேன்.

போகும் இடத்திலிருந்தே தொடங்குவோம். மருதானையில் டவர் ஹோல் அரங்கு 1911 டிசெம்பர் 6ஆம் திகதி திறந்தது. முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய'. ஒலிவாங்கி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தொண்டை இருந்தது. கலரியின் கடைசி வாங்கில் கடலை உடைத்துக்கொண்டிருப்பவன் காதிலும் ராஜாவின் புலம்பல் விழவேண்டும். விழாவிட்டால் கடலைக்கோது மேடையில் விழும். இதைவிடக் கண்டிப்பான ஒலித்தரச் சோதனை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அந்த நாடக இசைக்கும் நடுவில் ஒரு முதலியார் இருந்தார். ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு மெட்டுப் போட இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி வந்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. இந்த இடத்தில் சோகம், இந்த இடத்தில் வீரம் என்று ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, லௌஜி ராகத்தைப் பிடிப்பார். ஜனம் கண்ணீர் விட்டது. மொழிபெயர்த்தவருக்கு யாரும் மாலை போடவில்லை. அழுகை வராமல் போயிருந்தால் மட்டும் அவரைத் தேடியிருப்பார்கள்.

தமிழர் பக்கமும் தொண்டைக்குக் குறைவில்லை. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1926இல் கொழும்பு மேடையில் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் கலியாணம். இரண்டு பேருடைய குரலும் கூரை ஓட்டைக் கிளப்பும் சாதி. பக்கத்துத் தெருக்காரன் ரிக்கெற் எடுக்காமல் கேட்டிருப்பான். அதை இலவச ஒலிபரப்பு என்று சொல்லலாம்.

அதே காலத்தில் கிராமபோனும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் என் பாட்டனாரிடம் ஒன்று இருந்தது. அதற்குள் இருந்த முதலியார் ஓர் உருக்கு ஊசி. தகட்டின் பள்ளத்தில் ஓடி, அங்கே எழுதியிருப்பதை மென்தகட்டுக்கு ஆட்டிச் சொல்வது அதன் வேலை. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் எதையும் எறிகிற வழக்கம் கிடையாது. பாட்டனார் ஓர் ஊசியை இருபது பக்கம் ஓட்டுவார். பிறகு அம்மிக்கல்லில் தீட்டி இன்னும் பத்துப் பக்கம். தீட்டிய ஊசி தகட்டை உழுதது. கிட்டப்பாவின் குரல் வாரத்துக்கு வாரம் கரகரத்தது. "மனுசனுக்குத் தடிமன்போல," என்றாராம் பாட்டனார். கிட்டப்பா 1933இல் காலமானபோது, தான் முன்பே கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னாராம்.

ஊசி ஒரு சதம். தகடோ ரூபாய்க் கணக்கு. சதத்தைக் காப்பாற்றி ரூபாயைக் கொல்லும் இந்த வித்தை எங்கள் பரம்பரைச் சொத்து. பின்னால் எனக்கும் வந்து சேர்ந்தது.

பம்பலப்பிட்டியில் ரயில் நின்றபோது வானொலி வந்துவிட்டது. 1923இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் பரீட்சார்த்த ஒலிபரப்புக்குக் கருவி தேடினார். கையில் அகப்பட்டது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிச் சாமான்கள். கப்பலைக் கவிழ்க்கச் சேதி அனுப்பிய சாமான், கோட்டைத் தந்திக் கந்தோரின் சின்ன அறையில் கிராமபோன் பாட்டு அனுப்பத் தொடங்கியது. 1925 டிசெம்பர் 16இல் ஆளுநர் ஹியூ கிளிபர்ட் கொழும்பு வானொலியை முறையாகத் திறந்துவைத்தார். வெலிக்கடையிலிருந்து ஒரு கிலோவாற் வலுவில். இன்றைக்கு வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வைக்கிற ஸ்பீக்கர்களுக்கும் அந்த அளவு வலு உண்டு. அவை தொலைவில் உள்ளவனை மகிழ்விக்காமல் பக்கத்தில் உள்ளவனைச் செவிடாக்குகின்றன என்பதே வித்தியாசம்.

அந்தக் காலத்துச் சங்கிலியை எண்ணிப் பாருங்கள். பாடகர் தொண்டையிலிருந்து மெழுகு, மெழுகிலிருந்து தகடு, தகட்டிலிருந்து ஊசி, ஊசியிலிருந்து அனுப்பி, அனுப்பியிலிருந்து வானம், வானத்திலிருந்து கேட்பவர் வீட்டு ஏரியல். வழிநெடுக முதலியார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் விழுங்கி, கொஞ்சம் சேர்த்து, அடுத்தவரிடம் தள்ளினார்கள். கடைசியில் வந்தது பாட்டா, மழையா என்று வீட்டுக்காரர் ஊகித்துக்கொண்டார். ஊகித்தவர்கள் எல்லாரும் "என்ன துல்லியம்!" என்றார்கள்.

இலங்கை வானொலியின் பொற்காலத்துக்கு மூலதனம் போட்டவர்கள் இருவர். ஒருவர் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன். போர்க்காலத்தில் அவர் படையினருக்காக வைத்திருந்த சிற்றலை நிலையம் பிறகு இலங்கையிடம் வந்து சேர்ந்தது. மற்றவர் இந்தியாவின் தகவல் அமைச்சர் பி. வி. கேஸ்கர். 1952இல் பதவிக்கு வந்தவர், சினிமாப் பாட்டுக் கேட்டு ஜனம் கெட்டுப்போகிறது என்று அகில இந்திய வானொலியில் அதை நெருக்கினார். ஜனம் கெட்டுப்போவதற்கு உடனே வேறு இடம் தேடியது, கொழும்பு கிடைத்தது. அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' அதே வருடம் இங்கிருந்து கிளம்பியது. இந்தியா தன் தவறை உணர்ந்து விவித் பாரதியைத் தொடங்க 1957 ஆனது. நல்ல ரசனையை வளர்க்க முயன்ற ஒரு மந்திரியால் பக்கத்து நாட்டுக்கு விளம்பர வருமானம் வளர்ந்தது. சிலை வைக்காவிட்டாலும், வானொலி நிலையம் இருக்கும் டொரிங்டன் சதுக்கத்தில் அவருக்கு ஒரு பிளேன்டீயாவது கடனிருக்கிறது.

தமிழ்ப் பக்கம் அறிவிப்பாளர்கள் எஸ். பி. மயில்வாகனன், பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத். தமிழ்நாட்டில் கடற்கரையோர ஊர்களில் தேநீர்க் கடைக்காரர்கள் இந்தக் குரல்களுக்காகவே முள்ளைத் திருப்பினார்கள். சிற்றலை என்பது வானத்தின் உச்சியில் உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அந்த மண்டலம் ஓரிடத்தில் நிற்காது. ஒரே அலை இரண்டு வழியால் வந்து ஒன்றையொன்று கவிழ்க்கும். அதனால் பாட்டு அலையாக வரும், போகும். பல்லவி இலங்கையில், அனுபல்லவி ஆகாயத்தில். அதிலும் ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வந்துசேராது. மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸ்வரை கேட்கக் கூடியது. நாலில் மூன்று பங்கு வழியிலேயே போயிற்று. இன்றைக்கும் அறுபது தாண்டிய தமிழரைக் கேளுங்கள், "அந்த றேடியோச் சத்தம் மாதிரி வருமா?" என்பார். வராது. வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கொள்ளுப்பிட்டி. எழுபதுகள். 1970 முதல் 1977வரை இறக்குமதிக்குக் கடிவாளம். புது வானொலி என்பது கனவு. பற்றறி வெயிலில் காயவைத்துப் பாவிக்கிற பொருள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன கதவைத் திறந்தார். திறந்த கதவால் முதலில் ஓடிவந்தது ஜப்பான் 'டூ இன் வன்'. கல்ப் நாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் உறவினர் எல்லாருக்கும் திடீரென்று தோளில் ஒரு பெட்டி முளைத்தது.

அதோடு வந்தன ரெக்கோர்டிங் சென்டர்கள். காலி வீதியில் ஒரு கடையில் பாட்டுப் பட்டியலும் வெற்றுக் கசட்டும் கொடுத்தால், மூன்று நாளில் பதிந்து தருவார்கள். டி.டி.கே. கசட் என்று நாங்கள் கொடுப்போம். திரும்பி வரும்போது அந்த மூன்று எழுத்தும் இடம் மாறி நிற்கும். இங்கே முதலியார் வேலை பார்த்தது ஒரு சின்ன உலோகத் தலை. நாடா அதன்மேல் செங்குத்தாக ஓடவேண்டும். கடைக்காரனின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பதிந்த நாடா அவனுடைய பெட்டியில் மட்டும் நன்றாகப் பாடும். எங்கள் வீட்டில் போர்வைக்குள்ளிருந்து பாடும். அப்பா இதைத் திருத்த ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் எங்கள் பெட்டியின் தலையையும் அதே பக்கம் சாய்த்தார். அந்தக் கசட் அற்புதமாகப் பாடியது. மற்ற நாற்பது கசட்டும் அன்றிலிருந்து போர்வைக்குள் போயின. ஓர் ஊழலுக்கு ஒத்துப்போவதற்காக வீட்டு நிர்வாகம் முழுவதையும் சாய்ப்பது என்பதை நான் முதலில் கற்றது அப்பாவிடம்தான்.

1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றிப் பகிடி விடுவதற்கில்லை. வெள்ளவத்தையிலும் மற்ற இடங்களிலும் எரிந்த வீடுகளோடு எத்தனை அலுமாரி இசைத்தட்டும் கசட்டும் எரிந்தன என்று யாரும் எண்ணவில்லை. எங்களுடைய நாற்பதும் போயின. நேராகப் பாடியதும் போனது, சாய்ந்து பாடியதும் போனது. அப்பா ஸ்குரூ டிரைவரை மட்டும் பிறகும் வைத்திருந்தார்.

அதற்குள் ஜப்பானில் வேறு சங்கதி நடந்திருந்தது. 1982 ஒக்ரோபர் 1இல் சோனி முதல் சீடி பிளேயரை விற்பனைக்கு விட்டது. இனி ஊசியில்லை, தேய்மானமில்லை, பாட்டு முழுக்க எண். அந்த 44,100 என்ற எண்ணை ரிஷிகள் யாரும் ஓதிக் கொடுக்கவில்லை. அக்காலத்தில் இத்தனை எண்களைப் பதிந்துவைக்க வீடியோ நாடாதான் வழி. செக்கனுக்கு 60 காட்சிப் புலம், ஒவ்வொன்றிலும் பாவிக்கக்கூடிய 245 கோடு, கோட்டுக்கு 3 எண். பெருக்கிப் பாருங்கள். உலக இசையின் அளவுகோல் டெலிவிஷன் பெட்டியின் மிச்சத்தில் பிறந்தது.

நவீன முதலியார் அவதரித்ததும் அப்போதுதான். அவதாரத்திலேயே குறை. சோனி முதல் பெட்டியில் சிக்கனம் பிடித்து, இடக் காதுக்கும் வலக் காதுக்கும் ஒரே முதலியாரை வைத்தது. அவர் இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல் என்று மாறி மாறிச் சொன்னார். அதனால் ஒரு காதுக்கு ஒரு செக்கனில் பத்து லட்சத்தில் 11 பங்கு தாமதம். பிலிப்ஸிடம் இருந்த முதலியார் 16 பிட் படிக்கவில்லை, 14 பிட்தான். அந்தக் கொம்பனி அவரை ஒரே வசனத்தை நாலு மடங்கு வேகத்தில் நுணுக்கிச் சொல்லவைத்து, படித்தவருக்குச் சமமாக்கிவிட்டது. இதைப் பற்றி ரசிகர்கள் நாற்பது வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள். சோனியின் அந்தப் பாவத்தை நான் ஒருநாள் கணக்குப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரை மற்றதைவிட 4 மில்லிமீற்றர் தள்ளிவைத்தால் வருகிற தாமதம் அது. கதிரையில் கொட்டாவி விட்டாலே அதைவிட அதிகம் தலை அசையும்.

மருதானை வந்தது. இறங்கினேன்.

நானாவின் கடை, கடை என்பதைவிட ஒரு சுவரின் இடுக்கு. மேலே தொங்கும் வயர்கள், கீழே பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் அம்பிளிஃபயர்கள். என் பெட்டியை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வயர் செருகுகிற வட்டத்தில் பச்சை படிந்திருந்தது.

"வெள்ளவத்தையா தம்பி? ரயில் ரோட்டுக்குக் கடல் பக்கமா?"

"எப்பிடி நானா தெரியும்?"

"உப்பு. சாமான் ஊரச் செல்லும்."

பிறகு தன் கைபேசியை எடுத்து, என் டாக்கில் பூட்டி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். கைபேசி பற்றறியில் ஓடுகிறது; சுவர் மின்சாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கண்ணை மூடினார். ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் வைத்தார். சுசீலா பாடினார். பின்னால் ஒருவரும் உம் கொட்டவில்லை.

"சாமான்ல பிழை இல்ல. வூட்ட எப்படிக் குத்தி வெச்சிரிக்கிறீங்க? அதச் செல்லுங்க."

சொன்னேன். கணினி ஒரு அறையின் சொக்கெற்றில். அம்பிளிஃபயர் ஹோலின் மறுமூலையில். இரண்டுக்கும் எர்த் உண்டு. நடுவே பத்து மீற்றர் ஓடியோ வயர். நானா தலையில் கைவைத்தார். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே நிலையில் இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம் ஓடியோ வயரின் வெளிக்கூட்டைப் பாலமாக்கிக் கடந்துபோகிறது. நம் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஆடுவது. என் வீட்டில் உம் கொட்டிய ரசிகர் மின்சார சபையிலிருந்து வந்தவர்.

"மச்சான் எர்த் பின்னை வெட்டிவிடச் சொன்னவர்," என்றேன்.

"வெட்டினா ஹம் போகும். நீங்களும் போவீங்க. ஒரே மல்டிபிளக்ல ரெண்டையும் குத்துங்க. முடியாட்டி ஒப்டிகல் வயர் போடுங்க. அதுல வெளிச்சந்தான் போகும், கரண்ட் போகாது."

அடுத்து அவர் கேட்ட கேள்விகள் குறுக்கு விசாரணை. பாட்டு எங்கிருந்து? யூடியூபில் இறக்கியது. அங்கே ஏற்றியவர் எங்கிருந்து எடுத்தார்? கசட்டிலிருந்து என்று எழுதியிருந்தது. நான் அந்த எம்பி3ஐத் தரம் இழக்காத ஃபிளாக் கோப்பாக மாற்றி 30 மெகாபைட் ஆக்கிவைத்திருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். நானா சிரிக்கவில்லை. "பழைய சோத்தப் பிரியாணிச் சட்டியில போட்டா?" என்றார். கணினியில் வோல்யூம் எவ்வளவு? 38 சதவீதம். "அங்க கொறச்சு, அம்ப்ல கூட்டினா பாட்டோட இரைச்சலும் ஏறும். கம்பியூட்டர்ல முழுசா வைங்க, அம்ப்ல கொறையுங்க." விண்டோஸ் சத்தத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றாமலிருக்க, மேம்படுத்தல் என்ற பெயரில் அதற்குள் இருக்கும் சேட்டைகளை எல்லாம் நிறுத்தி, பாட்டு எந்த வேகத்தில் பதிந்ததோ அந்த வேகத்திலேயே டாக்குக்குப் போக விடவேண்டுமாம்.

"கணினிக் கடிகாரம் தடுமாறினால் சத்தம் கெடும் எண்டினமே, நானா?"

"இந்தச் சாமான் கம்பியூட்டர்ட சொல்லுக்கு ஆடாது. இதுக்குள்ள சொந்த மணிக்கூடு ஈக்கி. இதுதான் கேட்டுக் கேட்டு வாங்கும்."

அப்போது விளங்கியது. நல்ல முதலியார் சாட்சியின் வேகத்துக்கு ஓடமாட்டார். "மெதுவாகச் சொல், ஒவ்வொன்றாகச் சொல்" என்று சாட்சியை அதட்டுபவர் அவரே.

கடைசிக் கேள்வி. "ஸ்பீக்கர் எங்க வெச்சிரிக்கிறீங்க?"

"ஒன்று அலுமாரிக்கு மேல். மற்றது சோபாவுக்குப் பின்னால்."

நானா என் பெட்டியை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். உப்புப் பிடித்த வட்டத்தை மாற்ற இரண்டு கிழமை ஆகுமாம். அதுவரைக்கும் பாவிக்கப் பழைய கறுப்புப் பிளாஸ்டிக் டாக் ஒன்றைத் தந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. என் பெட்டியின் விலையில் பத்தில் ஒன்று பெறாது.

வீட்டுக்கு வந்து சொன்னபடி செய்தேன். இரண்டு ஸ்பீக்கரையும் இறக்கி, சுவரைவிட்டு ஒன்றரை அடி முன்னுக்கு இழுத்து, என் கதிரையோடு சேர்த்து மூன்றும் சமபக்க முக்கோணமாக வைத்தேன். சின்னக் கோன் காது உயரத்தில். வெறும் நிலத்தில் ஒரு கம்பளம். எல்லா வயரும் ஒரே மல்டிபிளக்கில். வெள்ளவத்தையில் ஒரு சீடிக் கடை இன்னும் மூச்சு விடுகிறது. அங்கே ஒரு நல்ல சீடி. போட்டேன். வயலின் இடப்பக்கம் எழுந்தது. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியே நின்றன. பாடுபவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றும் இல்லாத இடத்தில், அம்மாவின் தையல் மெஷினுக்குச் சற்று முன்னால் வந்து உட்கார்ந்தார். தீப்பெட்டிக்கே இப்படியென்றால், என் மகாமுதலியார் திரும்பி வரும்போது சொர்க்கம் திறக்கும் என்று நம்பினேன்.

இரண்டு கிழமையில் வந்தார். பூட்டினேன். சொர்க்கம் முன்பு எவ்வளவு திறந்திருந்ததோ அவ்வளவே திறந்திருந்தது.

நம்ப முடியாமல் மச்சானைக் கூப்பிட்டேன். இரண்டு டாக்கையும் பூட்டி, மல்டிமீற்றரால் ஸ்பீக்கர் முனையில் அளந்து, இரண்டின் சத்தமும் சமமாக வரும்படி வைத்தோம். கொஞ்சம் உரத்துப் பாடுவதைக் காது எப்போதும் நல்லது என்று சொல்லிவிடும். அந்த ஏமாற்று நடக்கக்கூடாது. மச்சான் தன் சாரத்தை விரித்துப் பெட்டிகளை மறைத்தார். (வேறு சாரம்.) காசைச் சுண்டி, விழுந்தபடி மாற்றி மாற்றிப் போட்டார். எது எது என்று நான் சொல்லவேண்டும். இருபது தடவை. சரியாகச் சொன்னது பதினொன்று. நான் இல்லாமல், அந்தக் காசே சொல்லியிருந்தாலும் அவ்வளவு மார்க் வாங்கியிருக்கும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அதியுயர்தரப் பதிவையும் அதையே சாதாரண சீடி தரத்துக்கு இறக்கியதையும் ரசிகர்களிடம் மறைத்துக் காட்டினார்கள். 554 தடவை. சரியாகச் சொன்னது 276. பாதிக்கும் ஒன்று குறைவு. அவர்கள் சாரம் கட்டியிருந்தார்களா என்று அறிக்கையில் இல்லை.

ஆக, நூறு வருட வழக்கு முடிந்தது. பாட்டனார் ஊசியை எறியவில்லை. கிட்டப்பாவைக் குறை சொன்னார். அப்பா தலையைச் சாய்த்தார்; கடைக்காரனைக் குறை சொன்னார். நான் ஸ்பீக்கரை சோபாவுக்குப் பின்னால் வைத்து, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பெட்டியை ரயிலேற்றி மருதானைக்குக் கொண்டுபோனேன். ஊசிக்கும் நாடாத் தலைக்கும் உண்மையிலேயே கொஞ்சம் குற்றம் இருந்தது. இந்தக் கடைசி முதலியார் மேல்தான் ஒன்றுமில்லை. விலை கூடியவரும் குறைந்தவரும் சொன்னதைச் சொன்னபடி சொல்கிறார்கள். சாட்சி பொய் சொன்னாலும், கோட்டுக் கட்டடம் எதிரொலித்தாலும் அவர் என்ன செய்வார்?

அம்மா கதிரையில் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டா. அயலில் ரயில் போனபோது மட்டும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னா.

"இப்ப நல்லாக் கிடக்கு," என்றா. "நான் முதல் நாளே சொன்னனான், அதுகளை அலுமாரிக்கு மேல வையாதை, இறக்கு எண்டு."

"ஏனம்மா, சத்தம் சுவரில அடிபடும் எண்டோ?"

"என்ன சத்தம்? தூசு தட்ட எட்டாது எண்டு."